பீச் ரோட்டில் ஓர் ஈசான் உணவகம்

1973இல் கட்டி முடிக்கப்பட்ட கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், சிங்கப்பூர்வாழ் தாய்லாந்துத் தொழிலாளர்களுக்குப் பல்லாண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊராகவே இருந்தது. தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குச் செல்லும் பேருந்துகளும் அதன் வாசலிலிருந்தே புறப்பட்டன. 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்ட அது, 2022இல் 70 கோடி வெள்ளிக்கு விலைபோனது. 2023 மே மாதத்திற்குள் கடைகள் வெளியேற, சில பக்கத்திலுள்ள கோல்டன் மைல் டவருக்கு இடம்பெயர்ந்தன. அங்குள்ள, வடகிழக்குத் தாய்லாந்தான ஈசான் வட்டாரச் சமையலைத் தரும் ஒரு சிறிய உணவகத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

சோம் தாம் கேட்டால், பச்சைப் பப்பாளித் துருவலை மண் உரலில் இட்டு, மர உலக்கையால் நம் கண்ணெதிரே இடித்துத் தருகிறார்கள். 'பிளா ரா' எனும் புளிக்கவைத்த மீன்சாறு சேர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்: நம் கருவாட்டுக்குழம்பில் பழகிய நாவுக்கு அந்த வாடை அந்நியமாகத் தோன்றாது. லாப் எனும் கொத்துக்கறியில் தூவப்படும் வறுத்த அரிசிப்பொடியின் மணம், மூங்கில் கூடையில் சூடாக வரும் ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டித் தொட்டுண்ணும்போதுதான் முழுமையாகப் புலப்படுகிறது. படகு நூடுல்ஸ் எனும் தாய்லாந்துச் சூப் நூடுல்ஸ் சுமார்தான், இனிப்பு மிகுதி.

இடம் நெருக்கடியானது, ஞாயிறு மாலையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆயினும், வாரம் முழுவதும் உழைத்தவர்கள் தாய்மொழியில் உரக்கப் பேசி உண்ணும் அந்த வேளையிலேயே செல்லுமாறு பரிந்துரைக்கிறேன். சமையலும் அன்றுதான் விட்டுக்கொடுக்காத காரத்துடன் இருக்கிறது.