நகராட்சி இணைப்பு நேரத்துல ஊழியர்களுக்கு குடுத்த தகவல் சேவை: என் ரிவியூ

மாநகராட்சியோட சேர்க்குறாங்கன்னு செய்தி வந்ததும் எங்க நகராட்சி ஆபீஸ்ல எல்லாருக்கும் இதே பேச்சுதான், சீனியாரிட்டி என்னாகும், சம்பள பில்லு யாரு போடுவா, எங்க தூக்கிப் போடுவாங்க. சின்ன விஷயம் இல்லைங்க இது, 2011ல சென்னையோட 42 உள்ளாட்சிகள சேர்த்தாங்க, 2021ல தாம்பரம் மாநகராட்சிக்கு 5 நகராட்சி 5 பேரூராட்சி, அத்தன ஆபீஸ்லயும் இந்தக் கவலை இருந்திருக்கும்.

எங்களுக்கு வாரக் கூட்டமும் ஒரு வாட்ஸப் குரூப்பும் வச்சாங்க. கூட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சு. மேனேஜர் நேரா உக்காந்து முடிவானது இது, இன்னும் முடிவாகாதது இதுன்னு பிரிச்சு சொன்னாரு, சர்வீஸ் புக்க ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க, லீவு கணக்கு, பி.எஃப். பிடித்தம் எல்லாம் என்ட்ரி ஆயிருக்கான்னு இப்பவே பாத்துருங்கன்னாரு, அதுலயே பாதி பயம் போச்சு.

குரூப்புதான் சரியில்ல. ஜி.ஓ.வ, அதாவது அரசாணைய, பிடிஎஃப்பா தட்டிவிட்டுட்டுப் போயிடுவாங்க, கேள்வி கேட்டா பதில் வராது, அப்புறம் வதந்திதான் ஓடும். தூய்மைப் பணியாளர் அக்காங்க நெறைய பேர்கிட்ட ஸ்மார்ட்போனே இல்ல, காலைல மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்குற எடத்துல ரெண்டு நிமிஷம் வாயால சொல்லியிருக்கலாமே, மொதல்ல அடிபடுறது அவங்கதானே, நெனச்சா இன்னும் கோவம் வருது.

கூட்டத்துக்கு 5க்கு 4, குரூப்புக்கு 1. அடுத்து சேர்க்கப்போற ஆபீஸ்ல இருக்குறவங்க வாரக் கூட்டத்த கேட்டு வாங்குங்க, சொன்னத எழுதி நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டச் சொல்லுங்க.