பழைய மீன்பிடிப் படகுக்குப் புது டேங்க்: இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா, பைபரா?

எரிபொருள் டேங்க் ஒழுகினால் அடுத்து எந்த உலோகத்தில் செய்யலாம் என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கு முன்னால், கழற்றிய பழைய டேங்க்கைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். ஓட்டை உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா? பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும். உள்ளே அடிமூலையிலும் வெல்டிங் ஓரத்திலும் அரித்திருந்தால், டீசலுக்கு அடியில் தேங்கிய தண்ணீரின் வேலை. வெளிப்பக்கத்தில், மரக்கட்டையோ ஃபோமோ ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தால், டேங்க் உட்கார்ந்திருந்த விதம்தான் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல தகட்டைப் போட்டாலும் புதுசுக்கும் அதே கதிதான்.

பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டலாமா என்பதை இங்கேயே முடித்துவிடலாம். ஒரு ஓட்டை தெரிகிற இடத்தில் தகடு சுற்றிலும் மெலிந்திருக்கும்; வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். உள்ளே ஊற்றிப் பூசும் பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு முழுதாகப் போகாத இடத்தில் ஒட்டாமல் பிறகு செதில் செதிலாக உரிந்து குழாயை அடைக்கும். காலி டேங்க் என்று நம்பி வெல்டிங் தீயைக் கிட்டே கொண்டுபோவது அதைவிட மோசம். பெட்ரோல் ஆவி சாதாரண வெப்பத்திலேயே பற்றும். டீசல் பொதுவாக 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். ஆனால் வெல்டிங் சூடு அதை நொடியில் தாண்டிவிடும். பழைய டேங்க்கை உள்ளேயே வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றாலும் முழுக்கக் கழுவி, ஆவி இல்லை என்று கருவி வைத்துச் சோதித்த பிறகுதான்.

சரி, புதுசுக்கு வருவோம். கணக்குப் புரிய ஓர் உதாரணம்: 1.2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 56 செ.மீ. உயரம். கொள்ளளவு சுமார் 400 லிட்டர். உள்தடுப்புகளை விட்டுவிட்டால், 4 மி.மீ. இரும்பில் அது 108 கிலோ வரும், 5 மி.மீ. அலுமினியத்தில் 46 கிலோ, 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 55 கிலோ. நிரப்பினால் டீசல் மட்டுமே 335 கிலோவுக்குப் பக்கம். ஆகவே எடை மிச்சம் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய லாபம் இல்லை. குறுகிய இன்ஜின் அறைக்குள் தூக்கி இறக்கும்போதுதான் அந்த 60 கிலோ வித்தியாசம் தெரியும்.

சாதா இரும்பைப் பலரும் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடு இல்லை. டீசல் படகுக்கு அது இன்றும் நேர்மையான தேர்வு. எந்தப் பட்டறையிலும் வெல்டிங் செய்யலாம். வெளிப்பக்க அரிப்பும் ஒளிந்து நடக்காது, பெயின்ட் உப்பித் துரு வெளியே தெரிந்து எச்சரிக்கும். வெளியே தரமான எபாக்சி பூச்சு, அடியில் தண்ணீரை வடிக்க ஒரு குழிவு, ஆண்டுக்கொரு பார்வை இருந்தால் போதும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று கால்வனைஸ் தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பில், டீசல் டேங்க் செய்வது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்புப் போன்ற படிவை உண்டாக்கும். அது ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

அலுமினியம் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அதில்தான் வந்து நிற்பார்கள். 5052, 5083, 5086 ஆகிய மக்னீசியம் கலந்த ரகங்கள் கடலுக்குப் பொருத்தமானவை. வீட்டுச் சாமான் தகட்டை வாங்கி மடித்துவிட்டு அலுமினியத்தைக் குறை சொல்லக்கூடாது. அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம்தான் காப்பு. அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ளக் காற்று வேண்டும். ஈர மரம், கார்ப்பெட் துண்டு, தண்ணீர் குடித்த ஃபோம் என்று எதையாவது ஒட்டிவைத்தால் காற்று போகாது. உப்புத்தண்ணீர் மட்டும் நிற்கும். வெள்ளைப் பொடி தள்ளிக்கொண்டு ஊசி முனையளவு குழி இறங்கும், தகட்டின் மீதிப் பகுதி புத்தம் புதிதாக இருக்கும்போதே. செம்பும் பித்தளையும் அதற்கு எமன். பித்தளை வால்வை நேராக அலுமினியத்தில் திருகாமல், நடுவே ஒரு ஸ்டெயின்லெஸ் இணைப்பைக் கொடுங்கள். மேலே வெண்கலச் சாதனம் எதிலிருந்தாவது தண்ணீர் டேங்க் மீது சொட்டுகிறதா என்றும் பாருங்கள். தகட்டின் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 3 மி.மீ. போதும் என்று கடைக்காரர் சொன்னாலும், கழற்ற முடியாத இடத்துக்கு 5 மி.மீ. கேளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளபளப்பால் ஏமாற்றுகிற சரக்கு. அதற்கும் காற்று வேண்டும். தேங்கிய உப்புத்தண்ணீரில் இடுக்குகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் அதுவும் குழி விழும். 304 ரகத்தைக் கடலில் நம்பாதீர்கள். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள, கார்பன் குறைந்த 316எல் மட்டுமே பரிசீலிக்கத் தக்கது. விலை அதிகம் என்பதால் பட்டறையில் மெல்லிய தகட்டில் செய்து கொடுப்பார்கள். அலை குலுக்கலில் மூலை வெல்டிங் வெடிப்பதற்கு அது வழி.

பிளாஸ்டிக், அதாவது அச்சில் சுழற்றி வார்த்த பாலிஎத்திலீன் டேங்க், அரிப்பு என்ற பேச்சையே முடித்துவிடும். வெல்டிங் இணைப்பு கிடையாது, துருவும் கிடையாது. சின்ன பெட்ரோல் படகுக்கு இதுதான் என் முதல் தேர்வு. ஆனால் அச்சில் உள்ள அளவில்தான் கிடைக்கும். உங்கள் படகின் வளைவுக்கு அது வளையாது. எரிபொருள் நிரம்பியதும் சற்று உப்பும், பெட்ரோலானால் இரண்டு சதவீதம் வரைகூட. எனவே நான்கு பக்கமும் இடைவெளி விட்டுத்தான் கட்டவேண்டும். ஃபோம் ஊற்றி இறுக்கவே கூடாது. கீழே ஒரு திருகாணித் தலை நீட்டிக்கொண்டிருந்தால் அலை தன் வேலையை மெதுவாகச் செய்து முடித்துவிடும்.

கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துக் கட்டும் பைபர் டேங்க் டீசலுக்கு அருமையானது. படகின் உடல் எந்த வளைவில் இருந்தாலும் அதற்கேற்பச் செய்யலாம், ஒரு மூலை வீணாகாது. பெட்ரோலுக்கு மட்டும் யோசிக்கவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பாலியெஸ்டர் பிசினைக் கரைத்து, கறுப்புப் பிசுக்காக இன்ஜின் வால்வில் கொண்டுபோய்ப் படியவைத்த அனுபவம் பல படகுகளுக்கு உண்டு.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி வேறு: புது டேங்க் உள்ளே போகுமா? பழைய படகுகளில் டேங்க்கை வைத்த பிறகுதான் தளத்தை மூடியிருப்பார்கள். தளத்தை வெட்டுவதா, இன்ஜினைத் தூக்குவதா, இல்லை ஹேட்ச் (தளத்தில் உள்ள திறப்பு) வழியாக நுழைகிற அளவில் இரண்டு சிறிய டேங்க் வைப்பதா? நான் மூன்றாவதின் பக்கம். கொஞ்சம் கொள்ளளவு போகும், குழாயும் வால்வும் கூடும். ஆனால் ஒன்றில் தண்ணீரோ அழுக்கோ கலந்தால் மற்றதை வைத்துக் கரை சேரலாம். சிறிய டேங்க்கில் எரிபொருள் அலைமோதுவதும் குறைவு. டீசல் இன்ஜின் என்றால் எரியாத மிச்ச டீசல் இன்ஜினிலிருந்து டேங்க்குக்குத் திரும்பி வரும் குழாயையும் சேர்த்தே மாற்றும்படி வால்வை அமைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து உறிஞ்சி மற்றதை நிரப்பி வழியவிடும். தளம் ஏற்கெனவே அழுகி, எப்படியும் மாற்றவேண்டிய நிலை என்றால் கணக்கு மாறும். வெட்டுங்கள், ஆனால் மூடும்போது திருகு வைத்த மூடியாக வையுங்கள்.

மொத்தத்தில் என் வரிசை இது. பெட்ரோல் படகு, அச்சு அளவு பொருந்துகிறது: பிளாஸ்டிக். பொருந்தவில்லை: அலுமினியம். டீசல், இடம் கோணல்: பைபர். டீசல், நேரான இடம், சுற்றிக் கை போகும்: கனமான அலுமினியம், பணம் இறுக்கமானால் பூச்சு அடித்த இரும்பு. சுற்றிக் கை போகாத இடத்துக்கு எந்த உலோகத்தையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உலோகம் எதுவானாலும் மரத்தின் மேல் நேராக உட்காரவைக்காமல், தண்ணீர் உறிஞ்சாத நியோப்ரீன் ரப்பர் பட்டைகளை அடியில் கொடுங்கள். அவற்றை டேங்க்கோடு முழுதாக ஒட்டிவிட்டால் நடுவே உப்புநீர் புகாது. மேல்பக்கம் தட்டையாக இல்லாமல் தண்ணீர் வழிந்தோட லேசான சரிவு இருக்கட்டும். நிரப்பும் ஹோஸையும் காற்றுக்குழாயையும் இதோடு மாற்றிவிடுங்கள்; பழைய ஹோஸை விட்டுவைத்தால் அதற்காகத் தளத்தை மறுபடி திறக்கவேண்டி வரும். அப்புறம், இறக்குவதற்கு முன் எல்லா வாயையும் அடைத்து 3 பிஎஸ்ஐ காற்றை மட்டும் ஏற்றி, வெல்டிங் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அதைவிட அழுத்தம் ஏற்றினால் நல்ல டேங்க்கே உப்பிக் கோணலாகும்.