எல்க்யூஏஎஸ் 19 பேர் சர்வே: பல வருஷம் கூடவே வச்சுப் பழகினதுல...

கூட வேலை பாத்த தோழி ஒருத்தி இப்ப ஒரு தாய்-சேய் நலத் திட்டத்துல மானிட்டரிங் பொறுப்புக்குப் போயிருக்கா. "கிராமத்துக் கர்ப்பிணிங்க கிட்ட திட்டம் உண்மையிலயே போய்ச் சேருதான்னு பாக்கணும், எல்க்யூஏஎஸ் எடுக்கலாமா, நீதான் அதைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமா மாரடிக்கிறியே"ன்னு கேட்டா. எல்க்யூஏஎஸ்னா லாட் குவாலிட்டி அஷ்யூரன்ஸ் சாம்பிளிங், ஒரு ஏரியாவுல சில பேரை மட்டும் கேட்டு அந்த ஏரியா இலக்கை எட்டிச்சா இல்லையான்னு பாஸ், ஃபெயில் சொல்ற முறை. சாம்பிளிங் அடிப்படை எல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டுப் பேசறேன். முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், அப்புறம் கோவம் வந்துடும்.

மாசாந்திர ரிப்போர்ட்டை வச்சு கவரேஜ், அதாவது திட்டம் எத்தனை சதவீதம் பேருக்குப் போய்ச் சேந்துச்சுன்னு, பாத்தவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். அந்த வகுத்தல்ல மேல இருக்கற எண், அதாவது பதிவானவங்க, ரிஜிஸ்டர்லேருந்து வரும், கீழ இருக்கற எண், அதாவது மொத்தம் இருக்கவேண்டியவங்க, யாரோ கணக்குப் போட்டு அனுப்பினது. உதாரணத்துக்கு மக்கள்தொகை 10,000, பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 20, அப்ப 200 பிரசவம், கரு கலையறதுக்குன்னு ஒரு 10% சேத்து 220 கர்ப்பிணிங்க இருக்கணும். பதிவானது 231ன்னா கவரேஜ் 105%! மக்கள்தொகை எண் பழைய சென்சஸ்லேருந்து எடுத்ததா இருக்கும், பக்கத்து ஏரியா பொண்ணுங்க இங்க வந்து பதிஞ்சிருப்பாங்க, ஒரே பொண்ணு ரெண்டு இடத்துல பேர் குடுத்திருப்பா, காரணம் எதுவா வேணா இருக்கட்டும். கொடுமை என்னன்னா 105% வந்த ஏரியாவுல விட்டுப்போன பொண்ணை யாரும் தேட மாட்டாங்க.

எல்க்யூஏஎஸ்ல இந்தக் கீழ் எண் தலைவலியே கிடையாது. ஒரு சூப்பர்வைசர் ஏரியாவுக்கு 19 அம்மாக்கள், ஒரு வயசுக்குள்ள குழந்தை இருக்கறவங்க, ராண்டமா வீடு எடுத்து நேர்ல போய்க் கேக்கறது, அவ்ளோதான். 1920கள்ல ஃபாக்டரில ஒரு லாட் சரக்கு தேறுமா தேறாதான்னு பாக்க வந்த முறை, 1980கள்லதான் ஹெல்த் பக்கம் வந்துச்சு.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒண்ணு இதுல இருக்கு. சாயங்காலம் எல்லா ஃபார்மையும் தரையில பரப்பி வச்சு ஃபீல்டு ஆளுங்களே கையால எண்ணிடறாங்க, கம்ப்யூட்டர் வேணாம், யார் தயவும் வேணாம். பெரிய தேசிய சர்வே ரிசல்ட் வர்றதுக்குள்ள அதுல பேசின பொண்ணுக்கு அடுத்த குழந்தையே பொறந்துடும், இங்க அன்னிக்கே தெரிஞ்சுடுது. அதோட வீடு ராண்டமா வர்றதால ரோட்டோரம் பழகின வீடுங்களோட திரும்பிட முடியாது, ஓடைக்கு அந்தாண்ட இருக்கற வீடு வந்தா போய்த்தான் ஆகணும். "இந்தப் பக்கம் வீடு இருக்கறதே எனக்குத் தெரியாது"ன்னு அந்த ஏரியாவைப் பாக்கற சுகாதாரப் பணியாளரே சொல்லிக் கேட்டிருக்கேன். அந்த ஒரு வரிக்காகவே இதைக் கும்பிடலாம்.

இப்ப 13க்கு வரேன். இலக்கு 80%ன்னா, சேவை கிடைச்சுதான்னு கேட்டதுக்கு 19ல 13 பேராவது ஆமான்னு சொன்னா ஏரியா பாஸ், எல்க்யூஏஎஸ் டேபிள்ல அப்படித்தான் இருக்கு. ரிவ்யூ மீட்டிங்ல இதைக் காட்டின உடனே யாராவது ஒருத்தர் போன்ல கால்குலேட்டரைத் திறப்பாரு. "13ஐ 19ஆல வகுத்தா 68 தானே வருது, 80க்கு எப்படிங்க பாஸ்?" நான் விளக்குவேன்: உண்மையிலயே 80% எட்டின ஏரியாவுல கூட 19 பேரை எடுத்தா 16, 14, 13ன்னு ஏறி இறங்கித்தான் வரும், நல்லா வேலை செஞ்ச ஏரியாவைத் தப்பா ஃபெயில் பண்ற வாய்ப்பு 10%க்குக் கீழ இருக்கணும்னுதான் அந்த 13ஐ வச்சிருக்காங்க, வெறும் 50% இருக்கற ஏரியா தப்பிச்சுப் பாஸ் ஆகற வாய்ப்பும் 10%க்குள்ளதான்னு. தலையாட்டுவாங்க. அடுத்த மீட்டிங்ல மறுபடி அதே கால்குலேட்டர். திட்டம் மாறியிருக்கு, ஆளுங்க மாறியிருக்காங்க, கேள்வி மட்டும் மாறவே இல்ல.

அதுக்கப்புறம் நடக்கறது இன்னும் மோசம். 19ல 15 வந்த ஏரியாவை "79% கவரேஜ்"னு ஸ்லைடுல போட்டுடுவாங்க. 19 பேரை வச்சு பர்சன்டேஜ் சொன்னா உண்மையான எண் 54லேருந்து 94 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். அஞ்சு ஏரியா சேந்து 95 பேர் ஆனாத்தான் 10 முன்னப்பின்னன்னு ஏதோ சொல்ல முடியும், அதுவும் ஒவ்வொரு ஏரியாவோட மக்கள்தொகைக்கு ஏத்த மாதிரி வெயிட் குடுத்து. போன வாரம் ஒருத்தர் 15 வந்த ஏரியாவையும் 14 வந்த ஏரியாவையும் ரேங்க் போட்டு, 14காரங்களை எழுப்பி நிக்க வச்சுக் கேள்வி கேட்டாரு. ஒரே ஒரு அம்மா வித்தியாசம்ங்க!

நியாயமாப் பாத்தா இது முறையோட தப்பு இல்ல, ஆனா அதை அப்படியே விட்டுடவும் மனசு வரல. 65% இருக்கற ஏரியா பாஸ் ஆகறதும் ஃபெயில் ஆகறதும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, நான் பாத்த ஏரியாவுல முக்கால்வாசி அந்த நடுவுலதான் கிடக்குது.

கேள்வி விஷயத்துல ஒண்ணு. "4 தடவை செக்கப் போனீங்களா"ன்னு மட்டும் கேட்டு முடிச்சுடாதீங்க, டபிள்யூஹெச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) 2016லயே அதை 8ன்னு மாத்தியாச்சு, முதல் தடவை 12 வாரத்துக்குள்ள. எத்தனை தடவைங்கறதை விட, பிபி பாத்தாங்களா, யூரின், ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்களா, ஆபத்து அறிகுறி என்னென்னன்னு சொன்னாங்களான்னு கேட்டுப் பாருங்க, பாஸ் ஆன ஏரியா அப்படியே ஃபெயிலுக்கு உருளும். சேவை இருக்கறது, கிட்ட இருக்கறது, ஜனங்க ஏத்துக்கறது, வந்து சேர்றது, பலன் தர்றதுன்னு சுகாதார சேவை கவரேஜைப் பத்தி எழுதின டனாஹாஷி 1978லயே படிப்படியா பிரிச்சுக் காட்டிட்டாரு, நாம இன்னும் வந்து சேர்றதுலயே நிக்கறோம். (எத்தனை இரும்புச்சத்து மாத்திரை முழுங்கினீங்கன்னு ஒரு கேள்வி ஃபார்ம்ல இருக்கும். யாருக்குங்க ஞாபகம் இருக்கும்?)

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப உறுத்தறது. ஒரு வயசுக்குள்ள குழந்தை இருக்கற அம்மாவைத்தான் தேடிப் போறோம். பிரசவத்துல செத்துப்போனவ அந்த 19ல வர மாட்டா, குழந்தை செத்துப் பொறந்தவளும் வர மாட்டா. 2023ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்துலயும் பிரசவத்துலயும் செத்திருக்காங்கன்னு டபிள்யூஹெச்ஓ மதிப்பீடு சொல்லுது. திட்டம் யாருக்காக வந்துச்சோ அவங்களே சாம்பிள்ல இல்ல. இதை இந்த சர்வே சரி பண்ணாது, தாய் மரண விசாரணையைத் தனியா, ஒழுங்கா நடத்தணும்.

ரேட்டிங் கேட்டா 5க்கு 2. ஆமா, கும்பிடலாம்னு மேல சொன்னதும் நான்தான், போன வார மீட்டிங் இன்னும் தலையிலேருந்து இறங்கல, கொஞ்ச நாள் கழிச்சுக் கேட்டிருந்தா 4 குடுத்திருப்பேன். தோழிகிட்ட சொன்னது இதுதான்: உன் மேலதிகாரிக்குப் பாஸ், ஃபெயில் போதுமா, இல்ல ஒவ்வொரு ஏரியாவுக்கும் பர்சன்டேஜ் வேணும்னு அடம்பிடிப்பாரா, முதல்ல அதைக் கேளு, அடம்பிடிப்பாருன்னா இதை எடுக்காத, செலவு கூடினாலும் பெரிய சாம்பிளா க்ளஸ்டர் சர்வே (சில ஊரைத் தேர்ந்தெடுத்து அங்க நிறைய பேரைக் கேக்கறது) பண்ணிடு. நான் அடுத்த ரவுண்டுக்கும் இதையேதான் எடுக்கறேன், ஃபார்ம் பிரிண்ட்டுக்குப் போயாச்சு. ரிப்போர்ட்ல 19க்கு எத்தனைங்கறதைத் தூக்கிட்டு வெறும் பாஸ், ஃபெயில்னு மட்டும் போடப்போறேன். கால்குலேட்டர்ல என்னத்தை அடிக்கறாங்கன்னு பாக்கலாம்.