விழுந்து விழுந்து எழும்பும் முக்கோணம்: மலைநாட்டுக் காரில் வைத்திருக்கும் அவசர சாமான்கள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவர் அண்மையில் பழைய வேகன் ஆர் கார் ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு போன் எடுத்து, "அண்ணே, சிவப்புப் பையில எல்லாத்தையும் போட்டு எமர்ஜென்சி கிட்னு விக்கிறாங்களே, அத வாங்கலாமா?" என்று கேட்டார். அதே மாதிரிப் பை என் காரில் வருஷக்கணக்காக இருக்கிறது. போனில் சொன்ன பதில் பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பைக்குள் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜம்பர் கேபிள், இழுக்கிற கயிறு, டோர்ச், கையுறை, முதலுதவிப் பெட்டி, பழுதாகி நின்ற வண்டிக்குப் பின்னால் வீதியில் வைக்கிற எச்சரிக்கை முக்கோணம். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் அந்த முக்கோணத்தைப் பற்றித்தான். அதன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அது நிற்காது. கொட்டகலை தாண்டி தலவாக்கலைக்குப் போகிற வழியில், டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கம் பள்ளத்திலிருந்து காற்று ஏறி வரும். அந்தக் காற்றைக்கூடச் சமாளித்து விடலாம். இறக்கத்தில் ஒரு பஸ் வேகமாகக் கடந்து போனால் முக்கோணம் மல்லாந்துவிடும். விழுந்த முக்கோணம் பின்னால் வருகிறவர் கண்ணில் படாது. அதை நிமிர்த்த நாம் மறுபடி வளைவு வரைக்கும் வீதியோரமாக நடக்க வேண்டும். ஆபத்தைத் தள்ளி வைக்க வாங்கிய சாமான் ஆளை நடுவீதிக்கு இழுக்கிறது என்றால் கோபம் வராதா? இறம்பொடையிலும் இதே கதை, கினிகத்தேனை ஏற்றத்திலும் இதே கதை.

ஐ.நா.வின் 27ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி செய்த முக்கோணங்கள் உண்டு. அவற்றில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஓர் இலக்கமும் பொறித்திருக்கும். பக்கம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 சென்டிமீற்றர். காற்றில் நிற்கிறதா என்பதையும் அந்தச் சோதனையில் பார்க்கிறார்கள். பையோடு வந்த முக்கோணத்தில் அந்த முத்திரையே கிடையாது, கால்கள் குடைக்கம்பி மாதிரி இருக்கும். இப்போது ஒரு சின்னப் பையில் மணல் கட்டி அதன் கால் மேல் வைக்கிறேன். அதற்கப்புறம் ஓரளவு நிற்கிறது.

அடுத்தது, அதை எங்கே வைப்பது என்பது. வண்டிக்குப் பின்னால் இத்தனை மீற்றர் என்று புத்தகத்தில் இருக்கும். நேரான வீதிக்கு அது சரி. நம் வீதியில் மீற்றரை எண்ணினால் முக்கோணம் வளைவின் நடுவில் போய் நிற்கும், அதைக் காண்கிறவருக்கு பிரேக் பிடிக்க இடமே இருக்காது. வளைவுக்கு முன்னால், வருகிறவர் திரும்புவதற்கு முன்பே காண்கிற மாதிரி வைக்க வேண்டும். இறக்கத்தில் வருகிற வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும், அதனால் மேட்டுப் பக்கத்தில் இன்னும் தள்ளி வைக்க வேண்டும். ஒடுங்கிய தோட்டப் பாதை என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தேவை. பையில் வருவதோ ஒன்றே ஒன்று.

பனிமூட்டம் இறங்கினால் இன்னொரு பிரச்சினை. முக்கோணத்துக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, வருகிறவரின் ஹெட்லைட்டைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. மூட்டத்தில் அந்த வெளிச்சம் போகும்போதே சிதறிவிடும், திரும்பி வருவது இன்னும் குறைவு. நானுஓயாப் பக்கம் மாலையில் ஓடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெட்டரியில் மினுக்குகிற மஞ்சள் விளக்கு ஒன்றைத் தனியாக வாங்கி முக்கோணத்தோடு சேர்த்து வைப்பதுதான் இதற்கு வழி.

லொறிக்காரர்கள் மரக்கிளை ஒடித்து வீதியில் போடுவார்கள். பகலில் அது நல்ல ஏற்பாடு, எவருக்கும் விளங்கும். ஆனால் டயருக்கு அணை கொடுத்த கல்லை நடுவீதியில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அதை என்னால் மன்னிக்க முடியாது. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளை அதில் ஏறினால் என்ன ஆகும்?

கல்லுக்குப் பதிலாக நான் வைத்திருப்பது மரக்கட்டை இரண்டு. தலவாக்கலையில் ஒரு தச்சர் ஆப்பு மாதிரிச் சரிவாக அறுத்துக் கொடுத்தார். இரண்டையும் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன், கயிற்றை இழுத்தால் இரண்டும் கையோடு வந்துவிடும். காரில் இருக்கிற எல்லா சாமானிலும் எனக்கு முழுத் திருப்தி தந்தவை இந்தக் கட்டைகள்தான். காரணம் இருக்கிறது. முன்சக்கரத்தில் ஓடுகிற ஓட்டோ கியர் காரில் கியரை 'பி'யில் (பார்க்) போட்டால் பூட்டுப்படுவது முன்சக்கரங்கள். அவற்றில் ஒன்றை ஜெக்கில் தூக்கினால், தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், அந்தப் பூட்டால் பயனில்லை. வண்டியைப் பிடித்திருப்பது பின்சக்கரத்து ஹேண்ட்பிரேக் மட்டும். பின்சக்கரத்தைத் தூக்கினால் அந்தப் பிடியும் பாதியாகிவிடும். நம் ஊரில் டயர் சமதரையில் பஞ்சராவது அபூர்வம். ஜெக் சரிந்தால் கை போகும், கால் போகும். இந்தக் கட்டையை எந்தப் பையிலும் போட்டு விற்று நான் காணவில்லை.

வேகன் ஆர் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். ஜப்பானிலிருந்து வருகிற இந்தச் சின்ன கார்களில் பெரும்பாலும் ஸ்பெயார் வீல் இருக்காது. பஞ்சரை அடைக்கிற பசைப் போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும்தான் இருக்கும். இடப்பக்க ஆசனத்தின் காலடியில் சிவப்புக் குழாய் ஒன்று செருகியிருக்கும். அது வீதியில் எரிய வைக்கிற எச்சரிக்கைத் தீச்சுடர், ஐந்து நிமிஷமளவு எரியும், காலாவதி 4 வருஷம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே நிறுத்துவதற்கு முன் வந்த எல்லா வண்டியிலும் அந்தச் சுடர் காலாவதியாகியிருக்கும். பசைப் போத்தலின் திகதியும் ஜப்பானிய எழுத்தில் இருப்பதால் கவனிப்பார் இல்லை. ஆணி குத்திய ஓட்டையைப் பசை அடைக்கும், டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. நம் வீதியோரம் தார் உடைந்து கத்தி மாதிரி நிற்கிற இடங்களில் கிழிவது பக்கச்சுவர்தான். பழைய ரிம் ஒன்று தேடி டயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பம்பு மட்டும் அருமையான சாமான், அதை விடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. பையில் வந்த டோர்ச் ஒரு மழைக்குத் தாங்கவில்லை. நெற்றியில் கட்டுகிற லைட் வாங்கினால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், பின்னால் சாமானுக்கு அடியில் வேண்டாம். ரெயின்கோட், கம்பளி, தண்ணீர், பிஸ்கட் கட்டாயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலைநாட்டு வீதிகளை மண்சரிவு அறுத்துப்போட்ட பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், இந்த மூன்று இலக்கங்களையும் கடதாசியில் எழுதி ஒட்டி வையுங்கள். போன் செத்தாலும் பக்கத்து வீட்டுப் போனில் அடிக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தால் இந்தச் சாமான் எதுவும் உதவாது, வண்டியை எடுக்காதீர்கள்.

சரி தம்பி, இப்போது தீர்ப்பு. பையை வாங்காதீர்கள், அந்தக் காசுக்குப் பாரமான முக்கோணம் இரண்டு தனியாக வாங்குங்கள். ஆமாம், இவ்வளவு ஏசிய பிறகும் முதலில் வாங்கச் சொல்வது முக்கோணத்தைத்தான். அது நிற்கிற சில நிமிஷத்தில், மேலிருந்து வருகிற பஸ் டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைப்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வாங்கியதை டிக்கியில் எல்லாவற்றுக்கும் மேலே, கதவைத் திறந்ததும் கை படுகிற இடத்தில் வையுங்கள். கட்டைக்குத் தச்சரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.