கன்சைன்மென்டில் வாழை அனுப்பும் முன் கமிஷன் கணக்கைப் பாருங்கள்

தேனி, கம்பம் பக்கம் புதிதாக வாழை ஏற்றுமதியில் இறங்குபவர்களுக்கு வளைகுடாவிலிருந்து ஒரே மாதிரி அழைப்பு வருகிறது. "விலை பேச வேண்டாம், சரக்கை அனுப்புங்கள். மார்க்கெட்டில் விற்று, ஆறு சதவீதக் கமிஷன் போக மிச்சத்தை அனுப்புகிறேன்" என்கிறார்கள். இதற்குத்தான் கன்சைன்மென்ட் என்று பெயர். எங்கள் ஜி-9 ரக வாழை ஒரு ரீஃபர் (குளிரூட்டிய) கன்டெய்னர் நிறைய அப்படித்தான் போனது. முழுப் பணம் இன்னும் வரவில்லை. விவகாரம் வக்கீலிடம் இருப்பதால் ஏஜென்டின் பெயரை எழுதவில்லை.

வந்த விற்பனைக் கணக்கு ஒரே ஒரு பக்கம். மூன்றில் ஒரு பங்கு பெட்டிகள் பழுத்துவிட்டன என்று கழித்திருந்தார்கள். வழியில் குளிர் 13 டிகிரி சொச்சத்திலேயே இருந்ததா என்று காட்டும் லாகர் கருவியைக் கேட்டால், தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். சரக்கின் நிலையைப் பார்த்துச் சான்று தரும் சர்வேயரை அழைக்கவில்லை. எந்தக் கடைக்கு என்ன விலைக்குப் போனது என்பதற்கு ஒரு பில்கூட இல்லை. எல்லாவற்றையும்விட வயிறு எரிந்தது கமிஷனைப் பார்த்துத்தான். அங்கே கட்டிய சுங்க வரி, துறைமுகச் செலவு எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையில் ஆறு சதவீதம் போட்டிருந்தார்கள். நம் தலையில் விழுந்த வரிக்கும் நம்மிடமே கமிஷன்!

இது நேற்று முளைத்த வித்தை இல்லை. 18-ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் பெரிய தோட்டக்காரர்கள் புகையிலையை லண்டன் வணிகர்களுக்கு இப்படித்தான் அனுப்பினார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சரக்கு அது. அந்த முதலாளிகள்மேல் எனக்குப் பரிவு கிடையாது. ஆனால் கணக்கு முறை அச்சு அசல் இதேதான். விற்பதும் வரி கட்டுவதும் கணக்கு எழுதுவதும் அந்த வணிகரே. கமிஷன் இரண்டரை சதவீதம், அதுவும் வரி உட்பட்ட விலையில். வரியோ புகையிலையின் விலையைவிட அதிகம். 1732-இல் ஜான் ராண்டால்ஃப் என்பவரைத் தங்கள் பிரதிநிதியாக லண்டனுக்கு அனுப்பி முறையிட்டார்கள். அதையொட்டி பிரிட்டிஷ் பிரதமர் வால்போல், இறக்குமதியின்போது வாங்கும் வரியின் பெரும்பகுதியைக் கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறும்போது வாங்கும் எக்சைஸ் திட்டத்தைக் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பால் அது 1733-இல் கைவிடப்பட்டது.

வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் வாஷிங்டனே, லண்டனில் தன் சரக்கை விற்றுவந்த ராபர்ட் கேரி நிறுவனத்தோடு மல்லுக்கட்டியவர்தான். மற்றவர்களுக்குக் கிடைத்த விலைகூடத் தன் சரக்குக்கு இல்லை என்று எழுதினார். ஆனால் அவருக்குச் சாமான் வாங்கி அனுப்பியதும் கடன் கொடுத்ததும் அதே நிறுவனம். 1764-இல் கடன் 1,800 பவுண்டை நெருங்கியிருந்தது. அந்த நிலையில் எவ்வளவு சத்தம் போட முடியும்? அப்புறம் அவர் கோதுமைக்கு மாறினார்.

எங்கள் ஏஜென்டும் இப்போது அடுத்த லோடுக்கு முன்பணம் தருகிறேன் என்கிறார். பழைய பாக்கியை அப்புறம் பேசிக்கொள்ளலாமாம். உங்களிடமும் சொல்வார்கள், வாங்காதீர்கள்.

கமிஷன் எந்தத் தொகையில், பணம் கைக்கு வந்த பிறகா முன்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கன்டெய்னர் திறக்கும்போது வெளி சர்வேயர் இருக்க வேண்டும், லாகர் பதிவு உங்களுக்கு வர வேண்டும். ஏஜென்டோ அவருடைய உறவுக்காரரோ சரக்கைத் தாங்களே வாங்கக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

ஏற்றுமதிப் பணம் வராவிட்டால் ஈடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். தரம் சரியில்லை என்று சரக்கைப் பெற்றவர் தகராறு செய்தால், அது உங்களுக்குச் சாதகமாகத் தீரும்வரை பொதுவாக இழப்பீடு கிடைக்காது. பணம் வராதவரை வங்கியில் அந்த ஷிப்பிங் பில்லும் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) உங்கள் பெயரில் பாக்கியாகவே நிற்கும்.