மெல்லிய முடிக்கு நேர் ஹேர்கட்டும் பழுப்பு கலரும்: திருவொற்றியூர் போர் தண்ணீரில் பார்த்தது

காலையில் தலைக்குக் குளித்தால் சாயங்காலமே உச்சியில் படிந்துவிடும். கிளிப் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பின்னினால் நுனியில் நாலு இழைதான் மிஞ்சும். இந்த மாதிரி முடி உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் ஒரு சின்ன பார்லரில் தோளைத் தொடும் அளவுக்கு நேராக வெட்டி, பழுப்பு கலரும் போட்டுக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீடு திருவொற்றியூரில். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். சித்தி மகள் ஒருத்தி தானும் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ஹேர்கட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. முடி கம்மியாக இருக்கிறது என்று சொன்னால் பாதி பார்லரில் ஸ்டெப் கட் என்பார்கள், மீதியில் வி கட் என்பார்கள். லேயர் போட்டால் தூக்கலாக நிற்கும் என்பது அவர்கள் வாதம். அடர்த்தியான முடிக்கு அது உண்மைதான். மெல்லிய முடியில் படிப்படியாக வெட்டும்போது, கீழே வரைக்கும் போய்ச் சேரும் இழைகள் குறைந்துகொண்டே போகும். உச்சியில் கொஞ்சம் எழும்பும், நுனியில் வெளிச்சம் தெரியும். அதோடு பல் பல்லாக இருக்கும் அந்தக் கத்தரியை வேறு எடுப்பார்கள். கனத்தைக் குறைக்கத்தான் அந்தக் கத்தரி. நம் தலையில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது?

பெரம்பூரில் வெட்டிய பெண் அதைத் தொடவே இல்லை. "அக்கா, உங்க முடிக்கு லேயர் வேணாம்க்கா, ஒரே நீளமா விடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரே கோட்டில் வெட்டினாள். எல்லா இழையும் ஒரே இடத்தில் முடிவதால் அந்த ஓரம் கெட்டியாக, அடர்த்தியாகத் தெரிகிறது. நீளம் குறைந்ததில் பாரமும் போய்விட்டதால் வேர்ப்பக்கம் தட்டையாகப் படிவது குறைந்தது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடுதலாகவோ வளரும். அந்தக் கணக்குப்படி இடுப்பு வரைக்கும் உள்ள முடியின் நுனிக்கு நாலைந்து வயது இருக்கும். அத்தனை வெயிலும் சீப்பும் பட்ட நுனி மெலிந்துதான் இருக்கும். அதை விட்டுவிடத்தான் மனசு வரவேண்டும். அம்மாவுக்கு இன்றைக்கும் வரவில்லை. "அப்புறம் பூ எங்கேடி வைப்பே?" என்று கேட்டார்.

பூவுக்குப் பதில் சொன்னது கலர்தான். நான் எதிர்பார்க்கவே இல்லை.

கலர் எதற்கு என்றால், கறுகறுவென்று ஒரே நிறத்தில் இருக்கும் முடிக்கு நடுவே வகிடு எடுத்தால் மண்டைத்தோல் பளிச்சென்று தெரியும். முடியின் நிறத்தை ஒன்றிரண்டு ஷேடு இறக்கி வெளிறச் செய்தால் அந்த வித்தியாசம் குறையும், வகிடும் அகலமாகத் தெரியாது. மேலே மெல்லிய கோடு கோடாக வெளிர் பழுப்பு, உள்ளே அடர் பழுப்பு என்று கலந்து போட்டால் உள்ளே இருப்பது நிழல் மாதிரி தெரிந்து, முடிக்கு ஓர் ஆழம் வரும். தலை முழுக்க ஒரே ஷேடு அடிக்கும் குளோபல் கலரில் இது கிடைக்காது. ரொம்ப வெளுப்பாகப் போனாலும் கிடைக்காது, இழை இழையாகப் பிரிந்து தெரியும். மெல்லிய இழையில் மருந்து சீக்கிரம் வேலை செய்யும் என்பதால் கலரோடு கலக்கும் டெவலப்பர் திரவம் 20 வால்யூமே போதும், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 30, 40 என்று ஏற்றினால் நிறம் இன்னும் வெளுக்கும், முடியும் உடையும்.

நான் எதிர்பாராதது முடியின் பிடிப்பு. கலரில் உள்ள அம்மோனியா முடியின் மேல்செதில்களைத் தூக்கிவிடுகிறது. நிறம் உள்ளே போவதற்கான வழி அது. செதில்கள் திரும்பப் படியும்போது பழைய வழவழப்பு முழுசாக வருவதில்லை, லேசான சொரசொரப்பு தங்கிவிடுகிறது. சாதாரண முடிக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது பெரிய வரம். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கிளிப் போட்ட இடத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குக் கிளம்பும்போது ஒரு சாண் மல்லிகையைக் கிளிப்பில் குத்திக்கொண்டு போகிறேன், கூட்டத்தில் நின்று கும்பிட்டு வீடு திரும்பும்வரை அசையாமல் இருக்கிறது. நீளமாகப் பின்னியிருந்த காலத்தில் பூ பாதி வழியிலேயே கையோடு வந்துவிடும். கண்டிப்பாகப் பார்த்தால் இந்தச் சொரசொரப்பு ஒரு சேதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறவள் நான். என் தலையில் முடி இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது கலருக்கு அப்புறம்தான்.

இத்தனை நல்லது சொன்னதற்குப் பிறகு தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் குளிக்க போர் தண்ணீர்தான். வடசென்னையில் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். இன்னும் வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த கதை. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அந்த மாதிரி நல்ல தண்ணீர் வீட்டுக்கு வந்தாலும் சமையலுக்கும் குடிக்கவும் பிடித்து வைப்போமே தவிர, தலையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிற அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் முடியிலும் படிகிறது. ஷாம்பு நுரைக்காது. முடி சொரசொரப்பைத் தாண்டி விறைத்துப் போகும். நிறம் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கருப்பு முடியை இறக்கும்போது அடியில் செம்பும் ஆரஞ்சுமாக ஒரு நிறம் தெரியும். அதை மறைக்கத்தான் மேலே ஆஷ் டோனர், அதாவது சாம்பல் சாயல் தரும் மேல்பூச்சு, போடுகிறார்கள். டோனர் எப்படியும் கழுவக் கழுவ மங்கும், எந்தத் தண்ணீரிலும் மங்கும். எங்கள் தண்ணீரில் ஓடியே போகிறது. பார்லரிலிருந்து வந்த புதிதில் காபிப்பொடி நிறம், சில வாரத்தில் துரு நிறம். வெயிலில் நின்றால் இன்னும் மோசம். அதே பார்லருக்கு வரும் பெரம்பூர்க்காரர் ஒருவரும் அதே ஷேடுதான் போட்டிருக்கிறார். அவருக்கு மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. அவர் வீட்டில் மெட்ரோ தண்ணீர், குடிநீர் வாரியம் குழாயில் தருவது. ஒரே கை, ஒரே டியூப், ஒரே காசு. எனக்குக் கோபம் வராதா?

தெரிந்த வழியெல்லாம் செய்துவிட்டேன். கடைசியாக அலசும் தண்ணீரை மட்டும் 20 லிட்டர் கேனிலிருந்து எடுக்கிறேன். உண்மையில் பெரிய வித்தியாசம் தருவது இது ஒன்றுதான். பலன் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கேன் தூக்கி வாளியில் சாய்க்க ஆள் வேண்டும். கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் கலந்த ஷாம்பு படிவை எடுக்கும், எப்போதாவது ஒருமுறை போட்டால் போதும், அடிக்கடி போட்டால் கலரையும் சேர்த்து எடுத்துவிடும். எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீர் கொஞ்சம் மென்மை தரும், அவ்வளவுதான். கண்டிஷனரை நுனியில் மட்டும் தடவ வேண்டும், வேரில் பட்டால் படிந்துவிடும். எண்ணெய் குளிப்பதற்கு முன்னால் மட்டும். குளித்த பிறகு எண்ணெய் வைத்துப் படிய வாரினால் மொத்தமும் வீண். ஈரத்தோடு தலையைக் கவிழ்த்து, சாம்பிராணிப் புகையில் பாட்டி காயவைப்பார் பாருங்கள், அது வேரைத் தூக்கிவிடும். ஹேர் டிரையரைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது. நெற்றியில் முடி வெட்டிக்கொள்வது நம் ஊர் வியர்வைக்குச் சரிவராது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

சித்தி மகளுக்கு என் பதில்: கட் செய்துகொள், நாளைக்கே போ. கலர் வேண்டாம். நான் மேலே புகழ்ந்ததெல்லாம் நிஜம், ஒரு வரியைக்கூட அழிக்க மாட்டேன். ஆனாலும் வேண்டாம். நீ இருக்கும் தெருவிலும் எங்கள் வீட்டைப் போல உப்புத் தண்ணீர்தான். இந்த வாரம் என் தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. டச்-அப்புக்கு மறுபடியும் சில ஆயிரம் எடுத்து வைக்க வேண்டும். அந்தக் காசை நீ நல்ல கத்தரிக்குக் கொடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் நேராக வெட்டிக்கொண்டே இரு, வகிட்டை அடிக்கடி இடம் மாற்று.

முடி மெலிந்தே பிறந்ததா, புதிதாகக் கொட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள். கொட்டுகிறது என்றால் முதலில் டாக்டரிடம் போய் ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார். அதற்கு எந்தக் கட்டும் மருந்தில்லை. நான் சொல்லியும் கேட்காமல் கலர் போடப் போகிறாய் என்றால், 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல். பெரும்பாலான பெர்மனன்ட் கலர்களில் பிபிடி என்ற சாயப் பொருள் அல்லது அதைச் சேர்ந்த ரசாயனம் இருக்கும், சிலருக்கு அது முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். மருதாணிப் பொடி ஏதாவது போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. சில பாக்கெட் பொடிகளில் கலந்திருக்கும் உலோக உப்பு பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறிக் கருகும். டோனர் போட்ட அன்றைக்கு அங்கேயே, அவர்கள் தண்ணீரிலேயே தலையை அலசிக்கொண்டு வா.