எச்610, பி550, ஏ620: குறைந்த செலவில் கேமிங் கணினிக்கு எந்த மதர்போர்டு?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கேமிங் கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர், உள்ளூர்க் கடையில் ஒரு கொட்டேஷன் வாங்கிக்கொண்டு, அதை சேலத்திலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மொத்தத் தொகையைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றால் கடைக்காரர் முதலில் கைவைப்பது மதர்போர்டில்தான். இது முற்றிலும் தவறும் அல்ல. விளையாட்டின் வேகத்தைப் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகவே மலிவான போர்டில் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும்.

போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்பைச் சிப்செட் என்பார்கள்; இன்டெல் பக்கம் எச்610 சிப்செட்தான் அடிமட்டம். ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் போன்ற பிராசசர்களுக்கு இது பொருந்தும். ரேமுக்கு இரண்டே இடங்கள், டிடிஆர்4 ரேம் 3200 வேகத்துக்கு மேல் ஓடாது, எம்.2 எஸ்எஸ்டிக்கு (போர்டிலேயே செருகும் சிறு சேமிப்பகம்) பிசிஐஇ எனும் தரவுப் பாதையின் 3.0 வேகம்தான் கிடைக்கும். இவை எதுவும் விளையாடும்போது பெரிதாகத் தெரியாது. கிராபிக்ஸ் கார்டின் ஸ்லாட் பிராசசரோடு நேரடியாக இணைந்து பிசிஐஇ 4.0 வேகத்தில் இயங்குவதுதான் முக்கியம். அதில் எச்610 குறை வைக்கவில்லை.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசசரைப் பொருத்தும் இடம்) கதை வேறு. இங்கே ஏ520, பி550 என்ற இரண்டும் 2020இல் வந்தவை. ஏ520 விலையில் குறைவு என்றாலும் அதன் கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 3.0 வேகத்தைத் தாண்டாது. பதினாறு லேன்களை (தரவு செல்லும் தடங்களை) பயன்படுத்தும் கார்டுக்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் மலிவுக் கார்டுகளில்தான் லேன்களையும் குறைத்திருக்கிறார்கள்: ஆர்எக்ஸ் 6600க்கு எட்டு, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே நான்கு. இந்த இரண்டாவது கார்டை ஏ520இல் செருகினால், அதன் சொந்த நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் வேகம் கண்கூடாகச் சரியும். பி550 வாங்கினாலும் ஒரு கண்ணி இருக்கிறது. ரைசன் 5 5600 பிராசசர் போட்டால் 4.0 வேகம் கிடைக்கும்; சற்று மலிவான 5500ஐயோ 5600ஜியையோ போட்டால் அதே போர்டு 3.0க்கு இறங்கிவிடும். பி550க்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு 5500 வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன்.

ஏ620 ஏஎம்5 சாக்கெட்டைச் சேர்ந்தது. 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எச்610 தாங்கும் பிராசசர் வரிசையோ 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ஆனால் ஏ620இல் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்துவதால், பழைய கணினியின் டிடிஆர்4 ரேமை வைத்துச் சமாளிக்க நினைப்பவருக்கு அது உதவாது.

நம் பகுதியின் சித்திரை வெயிலில், மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையில் கணினி வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாக்கெட்டின் ஓரமாக வரிசையாக நிற்கும் சிறு கறுப்புச் சதுரங்கள்தான் பிராசசருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் விஆர்எம் பகுதி. விலை குறைந்த எச்610, ஏ520 போர்டுகள் பலவற்றில் அவற்றின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருக்காது. 12100எஃப் போட்டால் கவலையில்லை. முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கக்கூடிய 12400எஃப் போடுவதாக இருந்தால், ஹீட்சிங்க் உள்ள மாடலையே கேட்டு வாங்குவது நல்லது.

ஒரே தடவை வாங்கி, நாலைந்து வருடம் எதையும் மாற்றாமல் ஓட்டுபவருக்கு 12400எஃப் உடன் ஹீட்சிங்க் உள்ள எச்610 போதும். இப்போது சிறிய கார்டு, பிறகு பெரிய கார்டு, பிறகு எட்டு கோர் பிராசசர் என்று காசு சேரச் சேர மாற்றுபவருக்கு 5600, பி550 ஜோடிதான் என் தேர்வு. ரேமையும் புதிதாகவே வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர் மட்டும் ஏ620ஐக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வெளியூரில் வாங்குபவர், பிராசசருக்கு ஏற்ற பயாஸ் (கணினியை இயக்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு போர்டில் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிட வேண்டும்; 12ஆம் தலைமுறைக் காலத்து எச்610இல் 13ஆம் தலைமுறைப் பிராசசர் பயாஸ் அப்டேட் இல்லாமல் இயங்காது. எச்610இலும் ஏ620இலும் பின்கள் போர்டின் சாக்கெட்டிலேயே இருப்பதால், ஒன்று வளைந்தாலும் வாரன்டி மறுக்கப்படலாம். சாக்கெட் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைப் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது பின்களைப் படம் எடுத்து, மூடியைப் பொருத்திய பிறகே போர்டைப் பெட்டியில் வையுங்கள்.